பை வேண்டாம் என்று கேட்டேன்

முதல் அறிகுறி ரத்தம். கழிப்பறைப் பீங்கானில் சிவப்பாகக் கிடந்ததைத் தற்செயலாகத்தான் பார்த்தேன். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு வந்து இட்லி சாப்பிட்டேன். அதற்குப் பின் பல மாதங்கள் நான் பார்த்த வைத்தியம் அந்த ஒரு வாளித் தண்ணீர்தான்.

இதைப் படிக்கிறவர்களில் சிலரும் இப்போது அப்படித்தான் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் கூச்சப்பட்டு என்ன ஆனது என்பதுதான் கதையே.

உத்தமபாளையம் பஜாரில் எனக்கு மோட்டார், பைப் விற்கும் கடை. அப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் பாதித் திராட்சைத் தோட்டங்களுக்குத் தண்ணீர் போவது என் கடைக் குழாயில்தான் என்று பீற்றிக்கொள்வேன். எங்கே அடைப்பு, எங்கே கசிவு என்று தோட்டக்காரர் சொல்லி முடிப்பதற்குள் கண்டுபிடித்துவிடுவேன். அப்பேர்ப்பட்டவன் என் உடம்பின் கசிவுக்கு நானாகவே ஒரு பெயர் வைத்தேன். மூலம்.

மூலம் என்றால் வெளியே சொல்லலாம். கடையில் உட்கார்ந்தே இருப்பவனுக்கும் லாரி ஓட்டுகிறவனுக்கும் வருவதுதான். நாலு பேர் சிரிப்பார்கள், நாலு பேர் வைத்தியம் சொல்வார்கள். கருணைக்கிழங்கு தின்றேன். துத்தி இலையை வதக்கிச் சாப்பிட்டேன். டாக்டரிடமும் வக்கீலிடமும் எதையும் மறைக்கக் கூடாது என்பார்கள். நான் மறைக்கவில்லை, டாக்டரிடம் போகவே இல்லை.

வெளிக்குப் போய்விட்டு வந்த பிறகும் இன்னும் போகவேண்டும் போலவே இருக்கும். உடம்பு மெலிந்து இடுப்பில் வேட்டி நிற்கவில்லை. இந்த இரண்டும் ரத்தத்தோடு சேர்ந்து வந்தால் மூலம் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். என் மகன் அன்வர், கடையை என்னோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தவன், என்னை இழுக்காத குறையாகத் தேனிக்குக் கூட்டிப்போனான்.

அங்கே டாக்டர் கையுறை போட்டு விரலால் பரிசோதித்தார். சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தபோது செத்துவிடலாம் போலிருந்தது. அவர் கையுறையைக் கழற்றிவிட்டு அன்வரைத்தான் பார்த்தார். மதுரைக்குப் போகச் சொன்னார். அங்கே கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியே கேமரா வைத்த குழாயைச் செலுத்திப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்து, ஒரு துணுக்குச் சதையை எடுத்து பயாப்ஸிக்கு (செல்களைச் சோதித்துப் பார்ப்பதற்கு) அனுப்பினார்கள். மலக்குடலில் புற்றுநோய் என்று வந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது அன்வரிடம் சொன்னேன். "அம்மாட்ட மூலம்னே சொல்லு. ஆபரேசன் செய்யணுமாம்னு சொல்லு."

"அத்தா, இதப் போயி..."

"சொன்னதச் செய்."

அவன் ஆண்டிப்பட்டி வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான்.

எங்கள் பள்ளிவாசலில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் வீட்டார் இமாமிடம் சொல்லிவிடுவார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அவர் நோயாளியின் பெயரைச் சொல்லி, நோயைச் சொல்லி, குணம் கேட்டு துஆ (பிரார்த்தனை) செய்வார். கூடியிருப்பவர்கள் ஆமீன் சொல்வார்கள். என் மனைவி ஜெய்புன் சொல்லியனுப்பிவிட்டாள். எனக்குத் தெரியாது.

"பைப்புக் கடை சுல்தான் பாய் அவர்கள் மூல வியாதியினால் மிகவும் சிரமப்படுகிறார்கள்" என்று இமாம் ஆரம்பித்ததும் இரண்டாவது வரிசையில் இருந்த நான் தலையைக் குனிந்துகொண்டேன். மைக் வேறு. பஜார் முழுக்கக் கேட்டிருக்கும். நூற்றுக்கணக்கான பேர் இரு கைகளையும் ஏந்தி என் மூலத்துக்காக ஆமீன் சொன்னார்கள். என்னிடம் இல்லாத நோய்க்கு ஊரே உருகிக் கேட்டது. நானும் சேர்ந்து ஆமீன் சொன்னேன்.

வெளியே வந்ததும் எதிர்க்கடை வாழைக்காய் மண்டிக்காரர், "என்ன ராவுத்தரே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? எங்க மாமா இதுக்கின்னே ஒரு எண்ணெய் வச்சிருக்காக" என்றார். கொடுக்கச் சொன்னேன். வாங்கியும் கொண்டேன்.

கடையில் உட்கார்ந்து ஒரு சமாதானம் தேடினேன். தோட்டக்காரர்கள் தினமும் தப்புப் பெயர் சொல்லித்தான் சாமான் கேட்பார்கள். எல்போவை (வளைவுத் துண்டு) டீ (மூன்று வாய்த் துண்டு) என்பார்கள். நான் பழைய துண்டைப் பார்த்துவிட்டு அவர்கள் கேட்டதைக் கொடுக்காமல் தேவையானதைக் கொடுப்பேன். ஒரு பைப்புக் கடைக்காரனுக்கே இது தெரிகிறபோது படைத்தவனுக்குத் தெரியாதா? கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பழைய துண்டை ஒளித்து வைத்துக்கொண்டு சாமான் கேட்கிறவனை எந்தக் கடைக்காரன் மதிப்பான் என்றும் தோன்றியது.

மதுரையில் அறுவை சிகிச்சை நிபுணர் பொறுமையானவர். படம் வரைய ஆரம்பித்தார்.

"கட்டி ரொம்பக் கீழ இருக்கு பாய். அத வெட்டி எடுத்துட்டு மேல உள்ள குடலையும் கீழ உள்ளதையும் சேத்துத் தைக்கணும்னா, கீழ கொஞ்சம் நல்ல இடம் வேணும்."

"கப்ளிங் போட ரெண்டு பக்கமும் பைப் வேணும்" என்றேன்.

அவர் சிரித்தார். "அதேதான். முதல்ல கதிர்வீச்சு கொடுத்துப் பாப்போம். சுருங்கி இடம் கிடைச்சாச் சேத்திரலாம்."

"கிடைக்கலன்னா?"

"குடலோட முனைய வயித்துல வெளிய கொண்டுவந்து வச்சிருவோம். அதுமேல ஒரு பை ஒட்டிக்கணும். ஆயுசுக்கும்."

அதற்குக் கொலாஸ்டமி (மலம் வெளியேற வயிற்றில் அமைக்கும் புது வழி) என்று பெயர். அந்த வழியில் கதவு கிடையாது. மலமோ காற்றோ அது வரும்போது வரும். நிறுத்தி வைக்க உங்களால் முடியாது.

"தொழுகலாமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"ரெண்டு மாசம் போகட்டும். நல்லாக் குனியலாம், நிமிரலாம்."

அவர் என் இடுப்பைப் பற்றிச் சொன்னார். நான் கேட்டது வேறு. தொழுவதற்கு முன் நாங்கள் ஒளு (முகம், கை, கால் கழுவிச் சுத்தம் செய்துகொள்வது) செய்யவேண்டும். ஒரு காற்றுப் பிரிந்தாலும் ஒளு முறிந்துவிடும். மறுபடி செய்யவேண்டும். வயிற்றில் பையைக் கட்டிக்கொண்டவனுக்கு ஒளு எப்படி நிற்கும்? ஆகவே இனி ஆயுசுக்கும் தொழுகை இல்லை என்று முடிவு செய்தேன். யாரையும் கேட்கவில்லை. மூலம் என்று முடிவு செய்ததும் இதே மூளைதான்.

கதிர்வீச்சுக்காக மதுரையில் சொந்தக்காரர் வீட்டு மாடியில் தங்கினோம். சமைத்துப் போட ஜெய்புன் வந்தாள். முதல் நாள் திரும்பி வந்ததுமே கேட்டாள்.

"கரண்டு வைக்கிறாகளாமே. மூலத்துக்கா கரண்டு வைப்பாக?"

நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

"எந்த நோய்க்கு வைப்பாகன்னு எனக்குத் தெரியாதா? அன்னைக்கு ஊரே சேந்து மூலத்துக்கு துஆ கேட்டுச்சே..." என்று சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கஞ்சி கொண்டுவந்தாள். திட்டியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அந்த வாரங்களில் நான் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். உயிரைக் கேட்கவில்லை. பிள்ளையின் கல்யாணத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்கவில்லை. பை வேண்டாம் என்று கேட்டேன். சஜ்தாவில் (நெற்றியைத் தரையில் வைத்து வணங்கும் நிலையில்) கிடந்து அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். தொழுகைக்காகக் கேட்கிறேன், உனக்காகத்தான் கேட்கிறேன் என்று அல்லாஹ்விடமே கெட்டிக்காரத்தனம் பேசினேன்.

முழு உண்மை அதுவல்ல. பாதிதான் தொழுகை. மீதிப் பாதி, கடையில் ஆள் நிற்கும்போது நாற்றம் வந்தால் என்ன செய்வது என்ற பயம். அவன் பெயரைச் சொல்லி என் மானத்தைக் கேட்டேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

கதிர்வீச்சு முடிந்து, ஓய்வும் முடிந்து, மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி சுருங்கியிருந்தது. கப்ளிங்குக்கு இடம் கிடைக்கவில்லை.

"யோசிச்சுச் சொல்றேன் டாக்டர்."

"ரொம்ப யோசிக்காதீங்க பாய். சுருங்கினது சுருங்கின மாதிரியே இருக்காது" என்றார்.

ஊருக்கு வந்தேன். தேதி சொல்லவில்லை. அன்வர் கெஞ்சினான், கத்தினான், கடைசியில் என்னோடு பேசுவதையே நிறுத்தினான். கேட்டது கிடைக்கவில்லை, அப்படியானால் இதுதான் பதில், போய்ச் சேர வேண்டியதுதான் என்று நான் ஒரு பெரிய ஞானியைப் போல இருந்தேன். தொழுவதையும் நிறுத்திவிட்டேன். உண்மையில் அது கோபம். கடன் கேட்டுக் கிடைக்காதவன் அந்தக் கடைப் பக்கமே போகமாட்டான் அல்லவா, அந்த மாதிரி.

ஒரு மத்தியானம் ஜெய்புன் கொடியிலிருந்து எடுத்துவந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சாம். என்ன சொல்லட்டும்?"

"வேணாம்னு சொல்லு."

"மௌத்தாப் போயிருவீக."

"போறேன். நஜீஸ வயித்துல கட்டிக்கிட்டு எப்படித் தொழுகுறது? தொழுகாம இருந்து என்ன செய்ய?" மௌத் என்றால் மரணம், நஜீஸ் என்றால் மார்க்கப்படி அசுத்தம்.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "அன்வர் பொறந்த பெறகு எனக்குப் பெரும்பாடு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. மாதவிலக்கு நாட்களைத் தாண்டியும் ரத்தம் நிற்காமல் போவதைத்தான் பெரும்பாடு என்பார்கள். கடைசியில் தேனியில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். நான் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன்.

"அந்த ரெண்டு மூணு வருசமும் நான் தொழுகலன்னா நினைச்சீக?"

நான் எதையுமே நினைத்திருக்கவில்லை.

"விலக்கான நாளு போக மத்த நாளெல்லாம் ரத்தம் போகப் போகத்தான் தொழுதேன். ஒவ்வொரு வக்துக்கும் (தொழுகை நேரத்துக்கும்) பாங்கு சொன்ன பெறகு கழுவி, துணிய மாத்தி, புதுசா ஒளு செய்யணும். அந்த வக்து முடியிற வரைக்கும் அது போதும். நடுவுல ரத்தம் போனாப் போகட்டும். அது நம்ம கையிலயா இருக்கு? மார்க்கத்துலயே அதுக்குச் சட்டம் இருக்கு."

"எனக்கு யாரும் சொல்லலியே."

"பொம்பளைகளுக்குத் தேவப்பட்டுச்சு, தெரிஞ்சுக்கிட்டோம். ஒங்களுக்குத் தேவப்படல."

அந்த வருடங்களில் வீட்டுத் தண்ணீர்த் தொட்டி எப்போதும் காலியாக இருந்தது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "மோட்டார் போட்டு மாளல, இங்கன என்ன ஆறா ஓடுது?" என்று கத்தியிருக்கிறேன். அவள் பதில் சொன்னதில்லை. ஒரு நாளைக்கு ஐந்து தடவை ரத்தத்தைக் கழுவிக்கொண்டு அவள் தொழுகைப் பாயில் நின்றிருக்கிறாள். நான் வாசலில் நின்று தண்ணீருக்குக் கணக்குக் கேட்டிருக்கிறேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இருந்தும் கேட்டேன்.

"அப்ப அல்லாகிட்ட நீ என்ன கேட்ட?"

"நிக்கணும்னு கேட்டேன்."

"நிக்கலியே."

"நிக்கலதான்."

"அப்ப அவன் கேக்கலன்னுதான அர்த்தம்?"

"அவன் கேட்டான். வேற யாருதான் கேட்டாக?"

கோபமாகச் சொல்லவில்லை. மடித்த துணியை அலமாரியில் வைக்கப் போனாள். தமிழில் வேண்டுவதற்கும், காதில் வாங்குவதற்கும், உடம்புக்கு என்ன என்று விசாரிப்பதற்கும் ஒரே சொல்தான். ஆயுள் முழுக்க "என்ன வேணும்" என்று ஊரைக் கேட்டவன் நான். வீட்டில் இருந்த ஒருத்தியைக் கேட்டதில்லை. என் பிரார்த்தனையைக் கடவுள் கேட்கவில்லை என்று குறைப்பட எனக்கு என்ன யோக்கியதை இருந்தது?

ஆனாலும் ஒரு சந்தேகம். ஆம்பிளைப் புத்தி. அசருக்கு (பிற்பகல் தொழுகைக்கு) முன்பாக இமாமிடம் போனேன். அவர் அன்வரைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். மூலம் இல்லை, புற்றுநோய் என்று அவரிடம்தான் முதன்முதலாக என் வாயால் சொன்னேன்.

"வீட்டுல சொன்னது சரிதான் அண்ணே. ஒடம்பு நிறுத்த முடியாதது ஒளுவ முறிக்காது, அந்த வக்து இருக்குற வரைக்கும். நீங்க ஆபரேசனுக்குப் போங்க." பிறகு தயங்கிக் கேட்டார். "இந்த வெள்ளிக்கிழம துஆ செய்யட்டுமா? என்ன நோயின்னு சொல்லட்டும்?"

"உள்ளதச் சொல்லுங்க" என்றேன்.

அறுவை சிகிச்சை முடிந்து நினைவு தெளிந்ததும் கை முதலில் வயிற்றுக்குத்தான் போனது. இடது பக்கம் பை இருந்தது. ஸ்டோமாவை (வயிற்றில் வெளியே தெரியும் குடலின் முனை) கண் திறந்து பார்க்க எனக்குப் பல நாள் பிடித்தது. பழுத்த தக்காளியைப் போலச் சிவப்பாக, ஈரமாக இருந்தது. பை மாற்றிவிட்ட நர்ஸ் கட்டப்பனைக்காரப் பெண். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வதைப் பார்த்து, "நாணிக்கேண்ட (வெட்கப்பட வேண்டாம்) சாரே, இது சாரோட சொந்தக் குடலல்லே?" என்றாள். குமுளி வியாபாரத்தில் கற்ற மலையாளத்தில் அவளுக்கு ஒரு பதில் சொல்ல நினைத்தேன். அழுகைதான் வந்தது.

பை வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பையை ஒட்டும் தகட்டில் வெட்டுகிற ஓட்டை ஸ்டோமாவின் அளவுக்குச் சரியாக இருக்கவேண்டும். பெரிதாக வெட்டினால் சுற்றியுள்ள தோல் வெந்துவிடும். வாஷர் அளவு தப்பினால் கசியும் என்று ஊருக்கெல்லாம் சொன்ன நான் இதைத் தப்பாகவே வெட்டிக்கொண்டிருந்தேன். ஜெய்புன் ஒருநாள் கத்தரிக்கோலைப் பிடுங்கித் தானே வெட்டிக் கொடுத்தாள். வேட்டியைத் தளர்த்திக்கொண்டு அவள் முன்னால் படுத்திருந்த அன்று எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அவளுக்கு இல்லை.

வீட்டில் தொழ ஆரம்பித்துப் பல மாதம் கழித்துப் பள்ளிவாசலுக்குப் போனேன். கூட்டம் குறைவாக இருக்கும் என்று அசரைத் தேர்ந்தெடுத்தேன். கடைசி வரிசையில் ஓரமாக, பக்கத்தில் இடம் விட்டு நின்றேன். தொழுகை வரிசையில் இடைவெளி விடக் கூடாது என்பது முறை. தாமதமாக வந்த மளிகைக் கடை காதர் பாய் நேராக வந்து என் தோளோடு தோள் சேர்த்து நின்றார். எல்லாரும் சஜ்தாவில் இருந்தபோது, பள்ளியே அமைதியாக இருந்தபோது, என் வயிறு சத்தம் போட்டது. சின்னச் சத்தமல்ல.

தொழுகையின் முடிவில் சலாம் கொடுத்ததும் காதர் பாய் என் பக்கம் திரும்பினார். ஓடிவிடலாமா என்று பார்த்தேன். பிறகு சொன்னேன்.

"அது நாந்தான். கேன்சருக்கு ஆபரேசன் பண்ணி வயித்துல பை வச்சிருக்கு. அதோட சத்தம்."

"அட நீங்கதானா?" என்று நெஞ்சில் கை வைத்தார். "எனக்குத்தான் காத்துப் போயிருச்சோன்னு பயந்துட்டேன். ஒளு இருக்கா இல்லையான்னு யோசிச்சுக்கிட்டே மிச்சத்தத் தொழுதேன்."

இரண்டு கிழவர்களும் பள்ளிவாசலுக்குள் சத்தமில்லாமல் குலுங்கிச் சிரித்தோம்.

கஷ்டத்தில் கேட்டால் கடவுள் கொடுப்பானா என்று, பை பற்றி விசாரிக்க இப்போது என்னைத் தேடி வருகிற நோயாளிகள் கேட்கிறார்கள். எனக்குத் தெரியாது. பை வேண்டாம் என்று கேட்டேன், பை வந்தது. ஊர் மூலத்துக்குக் கேட்டது, நான் உயிரோடு இருக்கிறேன். என்னோடு அதே வார்டில் இருந்த தேவதானப்பட்டிக்காரர் என்னைவிட நன்றாகத் தெய்வத்தைக் கேட்டவர். அவர் பிழைக்கவில்லை. இதில் கணக்குப் போட்டு விடை சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

என் உடம்பு இப்போது எனக்கு வேறு மாதிரித் தெரிகிறது. முன்பு அது கடையைத் தூக்கிக்கொண்டு நடக்கிற வண்டி. இப்போது கூடவே இருக்கிற ஓர் ஆள். நான் கேட்கவேண்டிய ஆள். நேரமும் மாறிவிட்டது. வருடம், மாதம் என்று யோசிப்பது விட்டுப்போயிற்று. ஒரு பாங்குக்கும் அடுத்த வக்துக்கும் நடுவே உள்ளதுதான் என் கையிருப்பு. அவ்வளவு நேரம் நான் சுத்தமானவன். பிறகு மறுபடி கழுவவேண்டும்.

போன வாரம் மத்தியானம் ஜெய்புனைக் கேட்டேன். "மதுரை மாடியில நான் பை வேணாம்னு கேட்டுக்கிட்டிருந்தப்ப, நீ என்ன துஆ கேட்ட?"

"அது எதுக்கு இப்ப?"

"கேக்கணும்னு தோணுச்சு."

"இந்த மனுசனுக்கு வெக்கம் போகணும்னு கேட்டேன். நோய் கொல்லுறதுக்கு முந்தி ஒங்க வெக்கம் கொன்னுரும்னு இருந்துச்சு."

"போயிருச்சா?"

"முழுசாப் போகல. இன்னும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

அசருக்குப் பாங்கு சொன்னார்கள். மத்தியானம் லுஹர்த் தொழுகைக்குச் செய்த ஒளு அதோடு முடிந்தது. அவள் துண்டை எடுத்து நீட்டினாள். முதன்முதலாக, குளியலறைக் கதவைச் சாத்தாமல் கழுவினேன்.